பேக்கேமனில் எதிராளியின் காயை எப்போது வெட்டுவது, எப்போது விட்டுவிடுவது

பேக்கேமன் பழக வரும் தமிழர் பலருக்கும் தாயக்கட்டத்தின் பழக்கம் ஏற்கெனவே இருக்கும். தாயத்தில் ஒரு காயை வெட்டினால் அது தொடக்கத்துக்குத் திரும்புவதோடு, பெரும்பாலான வீடுகளில் வெட்டியவருக்கு இன்னொரு முறை உருட்டவும் கிடைக்கும். ஆகவே வழியிருந்தும் வெட்டாமல் விடுவதற்கு அங்கே பெரும்பாலும் காரணம் இருக்காது. பேக்கேமனில் வெட்டியதற்காக மறு உருட்டல் கிடையாது. வெட்டிய காய் பல சமயங்களில் அந்த இடத்திலேயே தனித்து நிற்கும். எதிராளி பாரிலிருந்து (வெட்டுப்பட்ட காய் காத்திருக்கும் நடுக்கட்டையிலிருந்து) உள்ளே இறங்கும் அதே வீச்சில் அதைத் திருப்பி வெட்டிவிடலாம். எனவே ஒவ்வொரு வெட்டையும் வரவு செலவு பார்த்தே செய்ய வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கில் புதியவர்கள் பெரும்பாலும் பிப் எண்ணிக்கையை, அதாவது காய்கள் எல்லாம் வெளியேறக் கடக்க வேண்டிய மொத்தத் தூரத்தை, மட்டுமே பார்க்கிறார்கள். வெட்டின் முதன்மையான பயன் எதிராளியின் அடுத்த வீச்சில் பாதியைப் பிடுங்கிக்கொள்வதே என்பதும், பிப் லாபம் பெரும்பாலும் அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும் என்பதும் என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கருத்தின் மேல் எழுதப்பட்டது.

ஆட்டத்தின் அடிப்படை விதிகள் வாசகருக்குத் தெரியும் என்று கொள்கிறேன். ‘தம்’, ‘அவருடைய’ என்று எதிராளியின் பக்கத்தைக் குறிக்காத இடங்களில் எல்லாம் புள்ளிகளை நம் பக்கத்திலிருந்தே எண்ணுகிறேன்: 1 முதல் 6 வரை நம் வீட்டுப் பலகை, 7 முதல் 12 வரை நம் வெளிப்பலகை, 24ஆம் புள்ளி எதிராளியின் 1ஆம் புள்ளி. தொடக்கத்தில் நம் 15 காய்களில் இரண்டு 24இலும், ஐந்து 13இலும், மூன்று 8இலும், ஐந்து 6இலும் நிற்கின்றன. இருவருக்கும் பிப் எண்ணிக்கை 167.

வெட்டு எவ்வளவு பெறும்

நம் பக்கத்து எண்ணில் எந்தப் புள்ளியில் எதிராளியின் தனிக்காயை வெட்டுகிறோமோ, அத்தனை பிப்புகளை அவர் இழக்கிறார். நம் 2ஆம் புள்ளியில் வெட்டினால் அவருக்கு இழப்பு 2 பிப்தான். நம் 20ஆம் புள்ளியில், அதாவது அவருடைய 5ஆம் புள்ளியில் வெட்டினால் 20 பிப். ஒரு வீச்சின் சராசரி 8 பிப்புக்குச் சற்றே மேல் என்பதால், 20 பிப் என்பது ஏறத்தாழ இரண்டரை வீச்சுகளின் ஓட்டம். நம் காய் வெட்டுப்படும்போது இதே கணக்கு தலைகீழாகும்: நம் 5ஆம் புள்ளியில் நிற்கும் காய் வெட்டுப்பட்டால் நமக்கு 20 பிப் போகும், 1ஆம் புள்ளியில் நிற்பது வெட்டுப்பட்டால் 24 பிப் போகும். நம் வீட்டுக்குள் எதிராளியைத் தனிக்காயால் வெட்டும்போது சிறு லாபத்துக்காகப் பெரிய இழப்பைப் பணயம் வைக்கிறோம் என்பது இதனால் விளங்கும். பிப்பை மட்டும் பார்த்தால் அப்படி வெட்டவே கூடாது. ஆயினும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஆட்டத்தின் முதல் சில வீச்சுகளிலேயே அதைத் தயங்காமல் செய்கிறார்கள். ஏன் என்பதை ஒரு நிலையை எடுத்துப் பார்ப்போம்.

எதிராளி 6-2 உருட்டி ஆட்டத்தைத் தொடங்குகிறார். 6ஐக் கொண்டு நம் 1ஆம் புள்ளியில் நிற்கும் தம் பின்காய்களில் ஒன்றை நம் 7ஆம் புள்ளிக்குக் கொண்டுவந்து, 2ஐக் கொண்டு தம் 13இலிருந்து 11க்கு ஒரு காயை இறக்குகிறார். இப்போது நம் 7ஆம் புள்ளியில் அவருடைய தனிக்காய் நிற்கிறது. நம் 8இலிருந்து 1ஆலும், 13இலிருந்து 6ஆலும் அதை வெட்டலாம். 1 அல்லது 6 வரும் வீச்சுகள் 20. அவற்றோடு 4-2 இரண்டு வகையிலும், 3-3, 2-2 ஒவ்வொன்றாகவும் சேர்ந்து, 36இல் 24 வீச்சுகள் அந்தக் காயை வெட்டும். இந்த 24இல் 6-1, 1-1, 3-3, 6-6 ஆகியவை மட்டுமே வெட்டுவதோடு இரண்டு காய்களால் அந்தப் புள்ளியைக் கட்டியும் விடும். மற்ற வீச்சுகளில் நம் காய் 7இல் தனியாக நிற்கும். அதை எதிராளி எத்தனை வகையில் திருப்பி வெட்டுவார் என்று எண்ணுங்கள்: அவர் முதலில் பாரிலிருந்து இறங்கியாக வேண்டும், நம் 6ஆம் புள்ளி கட்டப்பட்டிருப்பதால் 6ஆல் இறங்க முடியாது, 1 முதல் 5 வரை ஏதேனும் ஒன்றால் இறங்கி, நம் 1ஆம் புள்ளியில் நிற்கும் இன்னொரு பின்காயை 6ஆல் நகர்த்தி வெட்டும் வீச்சுகள் 10, இறங்கிய காயையே மேலே கொண்டுவந்து வெட்டும் 5-2, 4-3 ஆகியவை 4, 3-3, 2-2 ஆகியவை 2. ஆக மொத்தம் 16. வெட்டுப்பட்டால் நமக்கு 18 பிப் இழப்பு, நாம் அவருக்கு விளைவித்ததோ 7 பிப்தான்.

இவ்வளவு இருந்தும் வெட்டுவதே சரி. வெட்டாமல் விட்டால் அவர் கையில் இரண்டு பகடைகளும் முழுமையாக இருக்கும். நம் 7ஆம் புள்ளியில் இன்னொரு காயைச் சேர்த்து நம் வழியை மறிக்கலாம், அல்லது அந்தக் காயைத் தப்ப வைத்துவிட்டுத் தம் பக்கத்தில் 11இல் நிற்கும் காயைக் கொண்டு புதிய புள்ளி ஒன்றைக் கட்டலாம். வெட்டிவிட்டால் ஒரு பகடை பாரிலிருந்து இறங்குவதற்கே செலவாகிவிடும். மீதியிருக்கும் ஒன்றால் அவர் நினைத்ததில் பெரும்பகுதியைச் செய்ய முடியாது. அவர் திட்டம் சிதறும் அந்த ஒரு முறையில் நாம் 7ஆம் புள்ளியை மூடிவிடலாம். தவிர, அவர் வீட்டில் 6ஆம் புள்ளியைத் தவிர வேறெதுவும் கட்டப்படவில்லை. நம் காய் வெட்டுப்பட்டாலும் 36இல் 35 முறை உடனே உள்ளே இறங்கிவிடலாம்.

வெட்டுவதற்கு முன் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இந்தக் காயை நான் இப்போது விட்டுவிட்டால் அவர் அடுத்த வீச்சில் என்ன செய்வார்? அவருக்குச் செய்வதற்கு அவசரமான, நல்ல காரியம் ஒன்று இருந்தால் வெட்டின் மதிப்பு ஏறுகிறது. அவர் எதையும் பெரிதாகச் செய்ய முடியாத நிலையில் இருந்தால், வெட்டுவதற்கு வேறு காரணம் வேண்டும்.

5ஆம் புள்ளியைப் பற்றிய சண்டை

தொடக்க ஆட்டத்தில் இருவரும் அதிகம் மோதும் இடம் 5ஆம் புள்ளி. அது நம் கையில் இருந்தால் 6, 8 ஆகியவற்றோடு சேர்ந்து நல்ல தடுப்பாகிறது. எதிராளி அங்கே இரண்டு காய்களை நிறுத்திவிட்டால், அந்தப் பிடிமானத்திலிருந்து அவரை விரட்ட ஆட்டம் முடியும்வரை நமக்கு வழியிருக்காது. ஆகவே அவருடைய தனிக்காய் நம் 5இல் வந்து நின்றால் உடனே வெட்டுவதையே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர் 4-3 உருட்டி ஒரு பின்காயை நம் 5க்கும், இன்னொரு காயைத் தம் 10க்கும் கொண்டுவந்தார் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு 3-1 விழுந்தால் 8இலிருந்தும் 6இலிருந்தும் வந்து வெட்டி அந்தப் புள்ளியையே கட்டிவிடலாம்; யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் 4-1 விழுந்தால்? 1ஐக் கொண்டு 6இலிருந்து 5ஐத் தனிக்காயால் வெட்டி, 4ஐக் கொண்டு 13இலிருந்து 9க்கு ஒரு காயை இறக்குவதே நல்ல ஆட்டம். 5இல் நிற்கும் நம் காயைத் திருப்பி வெட்டும் வீச்சுகளை எண்ணினால் மலைப்பாக இருக்கும்: 5 வரும் 11 வீச்சுகள், 4-1, 3-2, 4-2, 4-3 ஆகியவற்றில் 8, அவற்றோடு 4-4, 2-2, மொத்தம் 21. பாதிக்கும் மேல்! ஆனாலும் அவர் தவறவிடும் 15 வீச்சுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின் 9, 8, 6 ஆகிய இடங்களிலிருந்து நாம் அந்தக் காயை மூடி, ஆட்டத்தின் மிக மதிப்புள்ள புள்ளியைப் பெற்றுவிடுவோம். விட்டுவிட்டாலோ அந்தப் புள்ளி பெரும்பாலும் அவருடையதாகிவிடும். 4ஐ வேறெங்கோ செலவழிக்காமல் 9க்கு இறக்குவதும் இதற்காகவே: மூடுவதற்குக் காய் தயாராக இல்லாமல் தனிக்காயால் வெட்டினால் பாதி பயன் வீணாகும்.

இந்த 5ஆம் புள்ளி பற்றிய எண்ணங்கள் காலத்தோடு மாறியும் வந்திருக்கின்றன. ஒரு காலத்தில் 2-1, 4-1, 5-1 ஆகியவற்றால் ஆட்டத்தைத் தொடங்குபவர்களில் பலர் 6இலிருந்து ஒரு காயைத் தம் 5இல் வேண்டுமென்றே தனியாக வைத்துவிட்டு, அடுத்த வீச்சில் மூடலாம் என்று நம்பினார்கள். எதிராளி 36இல் 15 வீச்சுகளால் அதை வெட்டுவார். வெட்டினால் 20 பிப் போகும். ஐபிஎம் நிறுவனத்தில் ஜெரால்ட் டெசௌரோ உருவாக்கிய டிடி-கேமன் என்ற நிரல், தன்னோடு தானே லட்சக்கணக்கான ஆட்டங்கள் ஆடிக் கற்றுக்கொண்டு, 1990களின் தொடக்கத்தில் இந்த வழக்கத்தை அசைத்தது. 4-1க்கும் 5-1க்கும் பின்காய் ஒன்றை 24இலிருந்து 23க்கு நகர்த்துவது மேலானது என்று அது காட்டிய பிறகு சிறந்த ஆட்டக்காரர்களும் அதையே பின்பற்றத் தொடங்கினார்கள். 2-1க்கு மட்டும் பழைய வழி இன்றும் தாக்குப்பிடிக்கிறது.

அவர் வீட்டைப் பார்த்துத் துணியுங்கள்

1978இல் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற அமெரிக்கர் பால் மாக்ரியல், துணிந்து ஆடுவதா அடக்கி ஆடுவதா என்பதைத் தீர்மானிக்கச் சில அளவுகோல்களை வகுத்துச் சொன்னார். வெட்டும் விஷயத்தில் அவை இன்றும் அப்படியே பயன்படுகின்றன. எதிராளியின் வீட்டில் எத்தனை புள்ளிகள் கட்டப்பட்டிருக்கின்றன என்பது முதலாவது. n புள்ளிகள் மூடியிருந்தால், பாரிலிருக்கும் காய் இறங்க முடியாமல் போகும் வாய்ப்பு 36இல் n பெருக்கல் n. மூன்று மூடியிருந்தால் 9, அதாவது நான்கில் ஒரு முறை. நான்கு மூடியிருந்தால் 16. ஐந்து மூடியிருந்தால் 25. இரண்டிலிருந்து நான்குக்குப் போகும்போது 4 என்பது 16 ஆகிவிடுகிறது. இந்தத் தாவலைப் பலர் கவனிப்பதில்லை. அவர் வீட்டில் நான்கு புள்ளிகள் இருக்கும்போது தனிக்காயால் வெட்டி, திரும்ப வெட்டுப்பட்டு, இரண்டு மூன்று முறை இறங்க முடியாமல் பாரில் உட்கார்ந்திருந்தால் ஆட்டம் அத்தோடு கைநழுவிவிடும்.

இரண்டாவது, அவர் வீட்டுக்குள் நமக்குப் பிடிமானம் இருக்கிறதா என்பது. அங்கே இரண்டு காய்களோடு ஒரு புள்ளி நம்முடையதாக இருந்தால் எப்போதும் இறங்க ஓர் இடம் உண்டு. அப்போது வெட்டும் துணிவு கூடலாம். மூன்றாவது, ஏற்கெனவே பின்னால் எத்தனை காய்கள் கிடக்கின்றன என்பது. நமக்கு நான்கு காய்கள் பின்னால் இருந்தால் இன்னொன்று வெட்டுப்படுவதால் பெரிய மாற்றம் வராது. எல்லாக் காய்களும் தப்பிவந்துவிட்ட நிலையில் ஒன்று வெட்டுப்படுவதோ பெரிய இழப்பு.

தூரத்தையும் மனத்தில் வையுங்கள். தடை ஏதும் இல்லாதபோது ஒரே காயிலிருந்து 1 பிப் தூரத்தில் நிற்கும் தனிக்காயை 11 வீச்சுகளும், 2இல் 12உம், 3இல் 14உம், 4இலும் 5இலும் 15உம், 6இல் 17உம் வெட்டும்; 7க்குப் போனால் சட்டென்று 6 ஆகக் குறைந்துவிடும். வெட்டிய பிறகு மற்ற பகடையால் இன்னொரு தனிக்காயை விட வேண்டியிருந்தால், அதை ஆறுக்கும் அப்பால் நிறுத்துவது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒருவேளை இரண்டு தனிக்காய்களும் அருகிலேயே நின்றாக வேண்டுமென்றால், இரண்டையும் வெட்ட அவருக்கு ஒரே எண் தேவைப்படும்படி வையுங்கள். ஓரிடத்தில் வெட்ட அவருக்கு 4 வேண்டும், வேறோரிடத்தில் நல்ல புள்ளி கட்டவும் 4 வேண்டும் என்றால், அவருடைய நல்ல வீச்சுகளின் தொகை கூடுவதில்லை. அவர் ஒன்றைச் செய்தால் மற்றது நின்றுவிடும்.

எந்தக் காயைக் கொண்டு, எந்தக் காயை

வெட்டுவதற்கு இரண்டு வழிகள் இருந்தால், கட்டிய புள்ளியை உடைக்காத வழியை எடுங்கள். மூன்று காய்கள் நிற்கும் 8இலிருந்தோ, நான்கைந்து நிற்கும் 6இலிருந்தோ ஒன்றை எடுப்பதில் சேதம் குறைவு. இரண்டே காய்கள் நிற்கும் புள்ளியிலிருந்து எடுத்தால் ஒரே நகர்வில் இரண்டு தனிக்காய்கள் உண்டாகின்றன. வெட்டிவிட்டு அதே காயைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக மற்ற பகடை உதவுமானால், அது மிகச் சிறந்த வெட்டுகளில் ஒன்று. எடுத்துக்காட்டாக, நம் 4இல் எதிராளியின் தனிக்காய் நிற்கிறது, நம் 2இல் நமக்கு இரண்டு காய்கள் இருக்கின்றன, 8இல் மூன்று காய்கள் நிற்கின்றன, 4-2 விழுகிறது என்றால், 8இலிருந்து ஒன்றை எடுத்து 4இல் வெட்டி, அதையே 2க்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். எந்தத் தனிக்காயும் புதிதாக உண்டாவதில்லை. எதிராளியின் அரை வீச்சும் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் ஆடுபவர்கள் இதை பிக் அண்ட் பாஸ் என்கிறார்கள்.

எதிராளிக்கு இரண்டு தனிக்காய்கள் இருக்கும்போது, தொலைவில் வந்துவிட்டதை வெட்டினால் பிப் லாபம் அதிகம், அருகில் பிடிமானம் அமைக்கவிருப்பதை வெட்டினால் ஆபத்து நீங்கும். ஆட்டத்தின் ஆரம்பத்தில் நான் பின்னதையே விரும்புகிறேன். இரண்டையும் ஒரே வீச்சில் வெட்ட முடியுமானால் வேறெதையும் தேட வேண்டாம். பாரில் இரண்டு காய்கள் இருக்கும் எதிராளி இரண்டையும் இறக்கும்வரை மற்ற காய்களை நகர்த்தவே முடியாது. நம் வீட்டில் மூன்று புள்ளிகள் கட்டப்பட்டிருந்தால் அவர் இரண்டையும் ஒரே வீச்சில் இறக்கும் வாய்ப்பு 36இல் 9தான். அரை வீச்சு என்றது இங்கே முழு வீச்சாகிவிடுகிறது.

விட்டுவிட வேண்டியவை

நம் 1ஆம், 2ஆம் புள்ளிகளில் வெட்டுவது பொதுவாகக் கெட்ட பழக்கம். அங்கே போன காய் திரும்பி வந்து வேறு வேலை செய்யாது. தடுப்பதற்குத் தேவையான 4, 5, 7 ஆகிய இடங்களில் ஆள் குறைந்துபோகும். இதற்கு விதிவிலக்கு அந்த அரை வீச்சை எப்படியும் பிடுங்கியே தீர வேண்டிய நிலையும், தாக்குதல் தொடரும்தான். அதைக் கீழே சொல்கிறேன்.

பிப் ஓட்டத்தில் வெகுவாக முந்தியிருக்கும்போது, பாதுகாப்பாக விலகிப் போக வழியிருந்தால் வெட்டாமல் விலகுவதே நல்லது. ஆட்டம் வெறும் ஓட்டமாக மாறினால் வெற்றி நமக்கே என்னும்போது சண்டையை நீட்டிப்பதில் எதிராளிக்கே பயன்.

புதியவர்கள் மிகவும் திணறும் இடம் பின்னாட்டம். எதிராளி நம் வீட்டுக்குள் இரண்டு புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு, நாம் தவறும் தருணத்துக்காகக் காத்திருக்கிறார். அவருடைய மற்ற காய்கள் அவர் வீட்டை நோக்கி வேகமாக நகர்ந்து, சில வீச்சுகளில் அவர் கட்டிய புள்ளிகளையே உடைக்க வேண்டிய நிலைக்கு வரப்போகின்றன. அப்போது அவருடைய தனிக்காய் ஒன்று வெளியே கண்ணில் பட்டால் வெட்டத் தோன்றும். வெட்டினால் அந்தக் காய் மறுபடி முழுச் சுற்று வர வேண்டியிருக்கும். அது வரும்வரை அவர் தம் வீட்டை உடைக்காமல் வைத்திருக்கலாம். அவருக்கு மிகவும் தேவைப்பட்ட அவகாசத்தை நாமே கொடுத்துவிடுகிறோம். இதே காரணத்தால், நம் முன் தடுப்பு வைத்திருக்கும் எதிராளி அதை உடைக்கும் கட்டத்துக்கு வந்திருந்தால் அவர் காயை விட்டுவிட்டு, நம் காய்களை ஒழுங்காக வைத்துக்கொண்டு காத்திருப்பதே சரியான ஆட்டம்.

தாக்குதல் தொடர்

சில நிலைகளில் ஒரு வெட்டோடு நிறுத்தாமல், அடுத்தடுத்து வெட்டி எதிராளியை முழுவதுமாக மூடிவிட முயல்வதுண்டு. இதை பிளிட்ஸ் என்பார்கள். மேலே சொன்னபடி எதிராளி 6-2 உருட்டித் தொடங்கிய பின் நமக்கு 5-5 விழுந்தால், 8இலிருந்து இரண்டை 3க்கும், 6இலிருந்து இரண்டை 1க்கும் கொண்டுபோய், 1இல் தனித்து நின்ற பின்காயை வெட்டுகிறோம். 7இல் நிற்கும் காய் அங்கேயே நிற்கட்டும். 1ஆம் புள்ளியில் வெட்டினாலும், இங்கே 6, 3, 1 என்று மூன்று புள்ளிகள் ஒரே நொடியில் மூடிக்கொள்கின்றன, எதிராளி நான்கில் ஒரு முறை இறங்கவே முடியாது, நம் வீட்டில் தனிக்காய் எதுவும் இல்லை. இந்தத் தொடரைத் தொடங்குவதற்கு முன் உள்வீட்டிலும் அதை ஒட்டிய வெளிப்பலகையிலும் நம் காய்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். 10 காய்கள் அங்கே இருந்தால் மூடி முடிக்க ஆள்பலம் போதும் என்பது வழக்கில் உள்ள கணக்கு. குறைவாக இருந்தால், அடுத்த வீச்சுகளில் 13இலிருந்து காய்களை இறக்கிக்கொண்டே தாக்க வேண்டியிருக்கும்.

தாக்கும்போது புள்ளி அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். எதிராளி பிடிமானம் அமைத்துவிட்டால் தொடர் அங்கேயே நின்றுவிடும். ஆகவே பாரிலிருந்து இறங்கிய தனிக்காயைத் தனிக்காயாலேயே வெட்டினாலும் பரவாயில்லை. அவர் இறங்க முடியாமல் ஒரு வீச்சை இழந்தால், அடுத்து உருட்டுவதற்கு முன் டபுளிங் க்யூபை (பந்தயத்தை இரட்டிப்பாக்க நீட்டும் கட்டையை) பற்றி யோசிக்க வேண்டும். நான்கில் ஒரு பங்கு வெற்றி வாய்ப்பாவது இருந்தால் அவர் அதை ஏற்றுக்கொள்ளலாம் என்பது பொதுக் கணக்கு. கேமன் (ஒரு காயையும் வெளியேற்றாமலே தோற்று இரு மடங்கு இழப்பது) ஆபத்து கூடும்போது அந்த எல்லையும் உயரும். நாம் இன்னொரு வெட்டு வெட்டி அதை மூடியும் விட்ட பிறகு க்யூபை நீட்டினால் அவர் மறுத்து, பந்தயத்தில் ஒரு புள்ளி மட்டும் இழந்து தப்பிவிடுவார். ஆகவே பாரில் ஒரு காய், வெளியே இன்னொரு தனிக்காய், நம் வீட்டில் மூன்று புள்ளிகள் என்ற நிலையிலேயே க்யூபை நீட்டும் பழக்கம் வேண்டும்.

பழகுவதற்கு க்னூ பேக்கேமன் என்ற இலவச நிரல் போதும். ஆட்டம் முடிந்ததும், வெட்டிய நகர்வுகளை மட்டுமல்ல, வெட்ட முடிந்தும் விட்டுவிட்டவற்றையும் தனியே எடுத்து, ஒவ்வொன்றிலும் திரும்ப வெட்டும் வீச்சுகளை முதலில் கையால் எண்ணி எழுதிவைத்துவிட்டு, பிறகு நிரலின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.